விலாசம் தவறிய ரயில்: பெர்லினில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்: ட்சோ நிலையத்திலிருந்து பாங்கோ வரை

மேற்கு பெர்லினின் பழைய மையம் ட்சோ நிலையம். அங்கே யு2 சுரங்க ரயில் பிளாட்பாரத்தில் நின்றால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பலகையில் 'பாங்கோ' என்று எழுத்து ஓடும். பெர்லின்காரர்களுக்கு அது வெறும் கடைசி நிறுத்தம். 1983-இல் இதே ஊருக்கு ரயில் கேட்டு ஒரு பாப் பாட்டு வந்தது. அந்த ஆண்டு பெர்லின் சுவர் ஊரை இரண்டாகப் பிரித்திருந்தது, இந்தப் பிளாட்பாரத்திலிருந்து கிழக்கிலுள்ள பாங்கோவுக்குப் போக வழியே கிடையாது.

பாட்டின் பெயர் 'சோண்டர்ட்சூக் நாஹ் பாங்கோ', அதாவது பாங்கோவுக்குத் தனி ரயில். பாடியவர் மேற்கு ஜெர்மனியின் ராக் பாடகர் உடோ லிண்டன்பெர்க். வெளியானது 1983 பிப்ரவரி 2. பாட்டில் பேசுகிறவர் ரயிலில் இருப்பவரிடம் வழி கேட்கிறார்: பாங்கோ ரயில் இதுதானா? அங்கே கிழக்கு ஜெர்மனியின் தலைவர் எரிக் ஹோனெக்கரைப் பார்க்க வேண்டும், கையில் ஒரு புட்டி கோன்யாக் பிராந்தி இருக்கிறது. கண்ட பாடகர்களெல்லாம் கிழக்கு பெர்லினின் குடியரசு மாளிகையில் பாடுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் அனுமதி இல்லை என்பது வழக்கு. ஹோனெக்கரை 'ஹோனி' என்று செல்லப் பெயரிட்டு அழைத்து, நீயும் ரகசியமாகத் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கழிவறைக்குள் தாழிட்டு மேற்கத்திய வானொலி கேட்பவன்தானே என்று கிண்டுகிறார். ஒரு நாட்டின் தலைவரை இன்னொரு நாட்டவர் திட்டுகிற பாட்டு அல்ல இது. பக்கத்து வீட்டுக்காரனை உரிமையோடு வம்புக்கு இழுக்கும் பாட்டு. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றா வேறா என்று அரசியல்வாதிகள் அளந்து அளந்து பேசிய காலத்தில், அந்தச் செல்லப் பெயர் ஒன்றே பதில் சொல்லிவிட்டது.

மெட்டு ஜெர்மனியுடையது அல்ல. 1941-இல் அமெரிக்காவில் கிளென் மில்லர் இசைக்குழு பிரபலமாக்கிய 'சட்டநூகா சூ சூ'வின் மெட்டு. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் 'இன்ன மெட்டு' என்று போட்டிருக்குமே, அதே வழக்கம்தான். லிண்டன்பெர்க்குக்கு முன்பே ஒரு ஜெர்மன் அவதாரம் இதற்கு உண்டு. போர் முடிந்து எல்லாம் இடிபாடாகக் கிடந்த 1947-இல், புல்லி பூலான் இதே மெட்டில் 'கோட்ஷன்ப்ரோடா எக்ஸ்பிரஸ்' பாடினார். அன்றைய ரயில் பயணத்தின் அவதிதான் அதன் பொருள். ட்ரெஸ்டன் அருகே ராடபாயில் நகரத்துக்குள் அந்த இடம் இருக்கிறது, எஸ்1 புறநகர் ரயில் நிற்கும். ஆக, ஒரே மெட்டில் ஒரு நாட்டின் இரண்டு காயங்கள்: முதலில் இடிபாடு, பிறகு பிரிவினை.

இன்றைய வழி எளிது. பாங்கோ, நகர எல்லை வரையான ஏபி கட்டண மண்டலத்துக்குள் வருகிறது, ஏபி டிக்கெட் போதும். ஒற்றைப் பயண டிக்கெட் 2 மணி நேரம் செல்லும். இறங்கி ஏறலாம், ஆனால் ஒரே திசையில்தான். அதே டிக்கெட்டில் திரும்பி வர முடியாது. பிளாட்பார இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட்டை ஏறுமுன் அருகிலுள்ள சிறு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் மாட்டுவது இங்கேதான். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும், முத்திரை இல்லையென்றால் டிக்கெட் இல்லாப் பயணம் என்றே கணக்கு. அபராதம் 60 யூரோ. பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் வருவார்கள்.

ஊர்ப் பெயரைப் 'பாங்கோ' என்றே உச்சரிக்க வேண்டும். எழுத்தில் கடைசியில் நிற்கும் 'டபிள்யூ' ஒலிக்காது. மேற்கு ஜெர்மனியின் முதல் சான்ஸலர் கொன்ராட் அடெனவர் 'பாங்கோஃப்' என்று அழுத்திச் சொல்வார். ரஷ்ய ஊர் போலக் காதில் விழும். அவர் நாவில் அது ஊரைக் குறிக்கவில்லை, கிழக்கு ஜெர்மன் அரசைக் குறித்தது. அந்த அரசைப் பெயர் சொல்லி அழைத்தால் அங்கீகரித்ததாகிவிடும் என்பதால் மேற்கில் பலர் 'பாங்கோ' என்றே சுட்டினார்கள். பாட்டின் தலைப்பில் இருப்பது அந்தப் பாங்கோதான்.

ரயிலில் முன்பெட்டியில் ஏறுவது நல்லது. நோலன்டோர்ஃப்பிளாட்ஸ், ப்யூலோ தெரு நிலையங்களில் தடம் தரைக்கு மேலே பாலத்தில் ஓடும். 1972-இல் இந்தத் துண்டு மூடப்பட்டு, நோலன்டோர்ஃப்பிளாட்ஸ் மேல்தளத்தில் பழம்பொருள் சந்தையும், ப்யூலோ தெருவில் துருக்கியக் கடைவீதியும் நடந்தன. சுவர் வந்தபின் அந்தப் பாதை எங்கும் போய்ச் சேரவில்லை, ஆகவே கடை போட்டுவிட்டார்கள். போட்ஸ்டாமர்பிளாட்ஸ் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. அதற்கு அடுத்த நிலையத்துக்கு 1983-இல் தேல்மான்பிளாட்ஸ் என்று பெயர். கிழக்கின் 'ஏ' தடம் அங்கே தொடங்கி வினேட்டா தெருவில் முடிந்தது. இரு முனைகளும் மறுபடி இணைந்தது 1993 நவம்பரில். பாங்கோ நிலையம் வரை தடத்தை நீட்டியது 2000 செப்டம்பரில்.

பாட்டு கேட்ட ரயில் 17 ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் பார்க்க வேண்டிய ஆள் உயிரோடு இல்லை. போகட்டும், 1983-இலேயே அவர் இங்கே இல்லை. நாளை மறுநாள் அதற்கு வருவோம்.

இரண்டாம் நாள், புதன்: இல்லாத மாளிகை, இருக்கும் கண்ணீர் மண்டபம்

புதன்கிழமைக்குக் காரணம் உண்டு. கண்ணீர் மண்டபத்துக்குத் திங்கள் விடுமுறை, ஹும்போல்ட் ஃபோரத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் புதனுக்கு மேல்தான்.

பாட்டில் லிண்டன்பெர்க் இடம் கேட்ட குடியரசு மாளிகை 1976-இல் திறக்கப்பட்டது. நாடாளுமன்றமும், பெரிய அரங்கமும், உணவகங்களும், பந்துருட்டும் கூடமும் ஒரே கூரையின் கீழ். அஸ்பெஸ்டாஸ் காரணமாக 1990-இல் மூடினார்கள். 2006 முதல் 2008 வரை இடித்தார்கள். அதே இடத்தில் இப்போது ஹும்போல்ட் ஃபோரம், வெளித்தோற்றத்தில் பழைய பிரஷ்ய அரண்மனையின் மறுபதிப்பு. யு5 தடத்தில் மியூசியம்சின்சல் நிலையத்தில் இறங்கினால் எதிரே நிற்கும். கட்டடத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை, சில கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட்.

ஸ்ப்ரே ஆற்றுப் பக்கச் சுவரை முதலில் பாருங்கள். மூன்று பக்கம் பரோக் அலங்காரம், ஆற்றுப் பக்கம் மட்டும் மொட்டையான நவீனச் சுவர். எந்த ஜெர்மனியை நினைவில் வைப்பது, எதைத் துடைப்பது என்ற சண்டை இந்தச் சுவர்களிலேயே தெரிகிறது. மன்னராட்சி திரும்பி வந்தது, சோஷலிசம் போய்விட்டது. எங்கள் கருத்தில், ஒரு சுவரையாவது அந்த மாளிகையின் வெண்கல நிறக் கண்ணாடியில் விட்டிருக்கலாம்.

பாட்டு வெளியாகி ஒன்பது மாதத்துக்குள்ளேயே, 1983 அக்டோபர் 25 அன்று லிண்டன்பெர்க் உண்மையிலேயே அந்த மேடையில் ஏறினார். கிழக்கு ஜெர்மன் இளைஞர் அமைப்பான எஃப்டிஜே நடத்திய அமைதி இசைவிழா, உடன் ஹாரி பெலஃபோன்டே. மேற்கில் அமெரிக்கப் பெர்ஷிங் ஏவுகணைகளை நிறுத்தப் போகும் நேரம். அதை எதிர்க்கும் மேற்கத்தியப் பாடகர் ஒருவர் கிழக்கு மேடைக்குத் தேவைப்பட்டார். ஆனால் கணக்குத் தவறியது. அவர் மேடையில் மேற்கின் ஏவுகணையோடு சோவியத்தின் எஸ்எஸ்-20-ஐயும் சேர்த்து வேண்டாம் என்றார். 'தனி ரயில்' பாட அனுமதியில்லை. மொத்தம் நான்கு பாட்டுகள். அரங்கில் இருந்தவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட எஃப்டிஜே உறுப்பினர்கள். உண்மையான ரசிகர்கள் வெளியே நின்றார்கள், சிலரைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். 1984-க்கு வாக்களிக்கப்பட்ட இசைப் பயணம் ரத்தானது. அவர் கிழக்கில் ஊர் ஊராகப் பாட 1990 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது.

இதே ஹும்போல்ட் ஃபோரத்தில் 2024-இல் இந்தப் பாட்டு மறுபடி சர்ச்சையானது. ஹோனெக்கரைக் குறிக்க லிண்டன்பெர்க் பயன்படுத்திய சொல்லுக்குச் 'செவ்விந்தியர் தலைவன்' என்பது நேர்ப்பொருள். அமெரிக்கப் பூர்வகுடிகளை அது புண்படுத்தும் என்று சொல்லி, சேர்ந்திசை நிகழ்ச்சியில் அந்தச் சொல்லை விட்டுவிட முடிவெடுத்தார்கள். ஒருமுறை கிழக்கின் அரசு முழுப்பாட்டையும் விலக்கிய இடத்தில், இம்முறை ஒரு சொல் விலகியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னது தடை, பின்னது ஒரு நிறுவனம் தன் மேடைக்கு எடுத்த முடிவு.

அங்கிருந்து ஃபிரீட்ரிஷ் தெரு நிலையத்துக்கு நடை 15 முதல் 20 நிமிடம். நிலையத்தின் வடபுறம், ரைக்ஸ்டாக் கரையில் கண்ணாடிக் கட்டடமாக நிற்பது கண்ணீர் மண்டபம். 1962-இல் கட்டினார்கள். மேற்கிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகும்போது விடைபெற்ற இடம், ஆகவே அந்தப் பெயர். இப்போது கட்டணமில்லா அருங்காட்சியகம். கடவுச்சீட்டுச் சோதனைக் கூண்டு அப்படியே இருக்கிறது. அதன் வழியே நடந்து பாருங்கள். இடுக்கு ஒரு ஆள் அகலம், பின்னால் கதவு மூடினால் முன்னால் திறக்கும் வரை நிற்க வேண்டும். ஒருநாள் விசாவில் வந்தவர் நள்ளிரவுக்குள் வெளியேற வேண்டும். 1980 அக்டோபர் முதல் தலைக்கு 25 மேற்கு மார்க்கை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கிழக்கு மார்க்காகக் கட்டாயம் மாற்ற வேண்டும், மிச்சத்தை வெளியே கொண்டுபோக முடியாது. கிழக்கு பெர்லின் பெண் ஒருத்தியைப் பற்றி லிண்டன்பெர்க் 1973-இலேயே பாடிய பாட்டின் துயரம் இந்த நள்ளிரவுக் கெடுதான். 'தனி ரயி'லின் கிண்டலுக்குப் பின்னால் அந்தப் பத்து வருட வருத்தம் இருக்கிறது. முந்தைய பாட்டைக் கேட்காமல் பிந்தையதைக் கேட்டால் வெறும் குறும்பாகத்தான் தெரியும்.

மூன்றாம் நாள், வியாழன்: ஹோனெக்கரின் உண்மையான விலாசம்

ஹோனெக்கரும் மற்ற தலைவர்களும் 1960-இலேயே பாங்கோவைக் காலி செய்துவிட்டார்கள். பாட்டு வந்தபோது அவர்கள் நகரத்துக்கு வடக்கே காட்டுக்குள் குடியிருந்தார்கள். அந்த 'வால்ட்சீட்லுங்' குடியிருப்பைப் பேச்சில் எல்லோரும் 'வாண்ட்லிட்ஸ்' என்பார்கள். அதுவும் தவறான விலாசம். இடம் பெர்னா நகராட்சியைச் சேர்ந்தது. வரைபடத்தில் வாண்ட்லிட்ஸ் என்று தேடி ஆர்பி27 ரயிலில் போய் வாண்ட்லிட்ஸ் நிலையத்தில் இறங்குபவர்களுக்குக் குடியிருப்பு கண்ணுக்கே படாது.

சரியான வழி: எஸ்2 புறநகர் ரயிலில் கடைசி நிறுத்தமான பெர்னா வரை, அங்கிருந்து வாண்ட்லிட்ஸ் திசைப் பேருந்து, நிறுத்தத்தின் பெயர் வால்ட்சீட்லுங். டிக்கெட் ஏபிசி மண்டலத்துக்கு எடுக்க வேண்டும், ஏபி டிக்கெட் நகர எல்லையோடு முடிந்துவிடும். வார இறுதியில் பேருந்து குறைவு. இறங்கியவுடன் திரும்பும் நேரத்தைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்2 தடத்தில் பராமரிப்புப் பணி அடிக்கடி நடக்கும், மாற்றுப் பேருந்து விட்டால் அரை மணி கூடுதலாகப் பிடிக்கும்.

எஸ்2 ஃபிரீட்ரிஷ் தெருவிலிருந்து சுரங்கத்தில் வடக்கே போகிறது. நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பது நல்லது. மேற்கு ரயில்கள் நிற்காமல் கடந்த 'பேய் நிலையங்கள்' பற்றிய படக் கண்காட்சி நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது, இலவசம். இன்னும் சில நிறுத்தம் தாண்டினால் போர்ன்ஹோல்மர் தெரு. 1989 நவம்பர் 9 இரவு முதலில் திறந்த எல்லை வாயில் இதன் மேலுள்ள பாலம். ஏப்ரலில் ஜப்பானியர் நன்கொடையாக நட்ட செர்ரி மரங்கள் பூத்திருக்கும்.

குடியிருப்பில் பார்க்க என்ன இருக்கிறது? சொல்லப்போனால், ஒன்றுமில்லை என்பதுதான் பார்க்க வேண்டியது. 23 வீடுகள், இரண்டு மாடி, சாம்பல் பூச்சு, ஓட்டுக் கூரை. சுற்றிலும் சுவர். வெளியே 'வனவிலங்கு ஆய்வுப் பகுதி' என்ற பலகை வைத்து மறைத்திருந்தார்கள். 1989 நவம்பரில் கிழக்கு ஜெர்மன் தொலைக்காட்சி உள்ளே படம்பிடித்தபோது மக்கள் கொதித்தார்கள். தங்கக் குழாய்களுக்காக அல்ல, அப்படி எதுவும் அங்கே இல்லை. வெளியே வரிசையில் நின்றும் கிடைக்காத மேற்கத்தியச் சாமான்கள் இவர்களின் தனிக்கடையில் அடுக்கியிருந்ததுதான் காரணம். இப்போது வளாகம் மறுவாழ்வு மருத்துவமனை. சாலைகளில் நடக்கத் தடையில்லை, தகவல் பலகைகள் உண்டு. வீடுகளுக்குள் போக முடியாது. நோயாளிகள் ஓய்வெடுக்கும் இடம் என்பதை நினைவில் வைத்துக் கேமராவைக் கையாளவும்.

ஹோனெக்கர் பிறந்தது கிழக்கில் அல்ல. மேற்குக் கோடியில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய சார் பகுதியின் நொயன்கிர்ஷன். வளர்ந்தது பக்கத்து வீபெல்ஸ்கிர்ஷனில். இளவயதில் அங்கே கம்யூனிஸ்டு இசைக்குழுவில் ஷால்மை என்ற ஊதுகருவி வாசித்தவர். 1987-இல் லிண்டன்பெர்க் ஒரு தோல் ஜாக்கெட்டை அவருக்கு அனுப்பியபோது, பதிலுக்கு அவர் அனுப்பியது ஒரு ஷால்மை. அதே ஆண்டு செப்டம்பரில் ஹோனெக்கர் மேற்கு ஜெர்மனிக்கு அரசுமுறைப் பயணம் வந்தார். 9-ஆம் தேதி வுப்பர்டாலில் ஏங்கல்ஸ் வீட்டுக்கு வந்தபோது, துப்பாக்கிக்குப் பதில் கிட்டார் என்று பொருள்படும் வரி எழுதிய கிட்டாரை லிண்டன்பெர்க் அவர் கையில் கொடுத்தார். பாட்டு தேடிப்போன ஆள் கடைசியில் தானே மேற்கே வந்து சந்தித்தார். பாங்கோவில் அல்ல.

நேரமிருந்தால் பெர்னாவிலிருந்து லோபெட்டால் கிராமத்துக்கும் போய் வாருங்கள். பதவி பறிபோன பின், குடியிருப்பையும் காலி செய்ய வேண்டி வந்தபோது ஹோனெக்கருக்கும் மனைவி மார்கோட்டுக்கும் வீடில்லை. 1990 ஜனவரி இறுதி முதல் சுமார் ஒன்பது வாரம் இங்கே பாதிரியார் ஊவே ஹோல்மர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். ஹோல்மரின் பிள்ளைகளில் பலருக்கு மேல்படிப்பு மறுக்கப்பட்டிருந்தது, மறுத்தது மார்கோட் ஹோனெக்கரின் கல்வி அமைச்சகம். விலாசமே இல்லாமல் போனவருக்குக் கிடைத்த விலாசம் இது.

நான்காம் நாள், வெள்ளி: குருனவால்ட், 17-ஆம் தடம்

'சோண்டர்ட்சூக்' என்ற சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் இன்னொரு நினைவு உண்டு. அதைப் பார்க்காமல் இந்தப் பயணம் நேர்மையாகாது. யூதர்களை முகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ரயில்களையும் ரயில்வே ஆவணங்கள் இதே சொல்லால்தான் குறித்தன.

எஸ்7-இல் குருனவால்ட் நிலையம். உள்ளேயே '17-ஆம் தடம்' என்று வழிகாட்டும் பலகை இருக்கிறது. எப்போதும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. பிளாட்பார ஓரம் முழுக்க 186 வார்ப்பு எஃகுத் தகடுகள், ஒரு ரயிலுக்கு ஒன்று: தேதி, ஆட்களின் எண்ணிக்கை, சேருமிடம். முதல் தேதி 1941 அக்டோபர் 18. ரயில்வே இதற்குக் கட்டணம் வசூலித்தது. மூன்றாம் வகுப்பு விலையில், நானூறு பேருக்கு மேல் போனால் கூட்டச் சலுகை, பத்து வயதுக்குட்பட்டோருக்குப் பாதி, நான்கு வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். 1998-இல் இந்த நினைவிடத்தை அமைத்தது இன்றைய ஜெர்மன் ரயில்வே.

இன்று வேறெதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

ஐந்தாம் நாள், சனி: ஷோன்ஹவுசன் அரண்மனை

பாங்கோ நிலையத்திலிருந்து எம்1 டிராம், சைகோவ்ஸ்கி தெரு நிறுத்தம், பிறகு பூங்கா வழியே சில நிமிட நடை. எம்1 இரண்டாகப் பிரியும், இரண்டு கிளைகளும் பிரிவது இந்த நிறுத்தத்துக்குப் பிறகுதான் என்பதால் எதில் ஏறினாலும் சரி. டிராமில் முத்திரைப் பெட்டி வண்டிக்குள் இருக்கும். அரண்மனை குளிர்காலத்தில் வார இறுதியில் மட்டுமே திறக்கும், அதனால்தான் சனிக்கிழமைக்கு வைத்தது.

முதலில் மயகோவ்ஸ்கி வளையத் தெரு. 1945-க்குப் பின் சோவியத் படை வீடுகளைக் கைப்பற்றி வேலியிட்டது, பிறகு புதிய அரசின் தலைவர்கள் குடியேறினார்கள். வில்ஹெல்ம் பீக், ஓட்டோ குரோட்டவோல், வால்டர் உல்பிரிக்ட் எல்லோரும் இங்கே. மேற்கு கண்ட 'பாங்கோ' இந்த ஒரு வளையமும் பக்கத்து அரண்மனையும்தான். இப்போது தனியார் வீடுகள், தெருவிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியது.

அரண்மனையில் பிரஷ்யாவின் ராணி எலிசபெத் கிறிஸ்டீன் 1740 முதல் 1797 வரை கோடைதோறும் வசித்தார். கணவர் இரண்டாம் ஃபிரீட்ரிஷ் அவரைத் தள்ளியே வைத்திருந்தார். நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று பறித்த ஓவியங்களை இங்கே அடுக்கினார்கள். 1949 முதல் 1960 வரை அதிபர் பீக்கின் அலுவலகம், அதன்பின் சில ஆண்டு அரசு மன்றம், பிறகு 1990 வரை விருந்தினர் மாளிகை. காஸ்ட்ரோ, இந்திரா காந்தி, கோர்பசேவ் வந்து தங்கிய இடம். கீழ்த்தளத்தில் ராணியின் அறைகள், மேலே பீக்கின் வேலையறையும் விருந்தினர் படுக்கையறையும். அந்தப் படுக்கையறையின் தளவாடமும், குளியலறையின் ஓடுகளும் அறுபதுகளின் கிழக்கு ஜெர்மன் ரசனைக்கு நல்ல சான்று. அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். முழுவதும் பார்க்க ஒன்றரை மணி நேரம்.

வெளியே வந்து முன்முற்றத்தைச் சுற்றியுள்ள துணைக் கட்டடங்களைப் பாருங்கள். 1989 டிசம்பர் 27 முதல் வட்டமேசை இங்கே கூடியது. ஆளும் கட்சியும் எதிர்ப்பியக்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சுதந்திரத் தேர்தலுக்கு வழி பேசின. 1990 ஜூன் 22 காலை நகர மையத்தில் செக்பாயின்ட் சார்லியின் காவல் கூண்டைக் கிரேன் தூக்கி அகற்றியது, ஆறு வெளியுறவு அமைச்சர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு அந்த ஆறு பேரும் வந்து உட்கார்ந்தது இங்கேதான்: இரண்டு ஜெர்மனிகள், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ். பேச்சு, ஜெர்மனியை ஒன்றாக்குவது பற்றி. பாட்டு 1983-இல் கேட்டுப்போன விலாசம் அந்த ஒரு நாள் சரியாக இருந்தது.

திரும்ப எம்1 டிராம் அதே நிறுத்தத்தில், எதிர்ப்புறம். பாங்கோவில் யு2-க்கு மாறினால், பலகையில் இப்போது 'ரூலேபன்' என்று இருக்கும். தடத்தின் மேற்குக் கோடி அது.